கப்பலேறியவர்களும் லயத்தில் தங்கியவர்களும்

1964-இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் குடியுரிமையின்றி இருந்த இந்திய வம்சாவளி மலையகத் தமிழரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும் 3 இலட்சம் பேரை இலங்கைக்கும் ஒதுக்கியது. அவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மீதி ஒன்றரை இலட்சம் பேரை 1974-இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். அதே ஆண்டு கைமாறிய கச்சத்தீவுக்காகத் தமிழ்நாட்டு மேடைகள் இன்றும் கொதிக்கின்றன. இந்த மனிதர்களுக்காக எந்த மேடையும் கொதிக்கவில்லை. எனக்கு ஆறாத கோபம் இதுதான்.

போனவர்கள்: கோச்சியில் (ரயிலில்) தலைமன்னார், கப்பலில் இராமேஸ்வரம். குடியுரிமை கிடைத்தது. சிலருக்கு நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்ட வேலையும் கிடைத்தது. பலருக்கு வியாபாரக் கடன். காலமெல்லாம் கொழுந்து பறித்த கைக்குக் கடை நடத்த யார் கற்றுக்கொடுத்தார்கள்? கொடைக்கானல் பக்கம் கொத்தடிமைகளாகச் சிக்கியவர்களும் உண்டு. இத்தனைக்குப் பிறகும் ஊரார் வைத்த பெயர் ‘சிலோன்காரன்’.

தங்கியவர்கள்: நாடற்றோர் என்ற நிலை முற்றாக நீங்க 2003-ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருந்தவர்கள் இருக்கிறார்கள். லயம் என்ற தோட்ட வரிசை வீட்டில் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, ஒழுகும் தகரக் கூரை. ஆனால் ஓரிடத்தில் திரண்டிருந்தார்கள். தொழிற்சங்கமும் வாக்குப் பலமும் வந்தன. அதனால் தங்கியவர்கள் நிலையே ஒரு படி மேல் என்பேன். காணி உறுதி (நிலப் பத்திரம்) மட்டும் பெரும்பாலான லயங்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை.