நெஞ்சில் கட்டும் பட்டை: போலார் ஹெச்10

கையில்தான் வாட்ச் இருக்கிறதே, நெஞ்சில் எதற்குப் பட்டை என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது இதுதான்: வேகமாகக் கொஞ்சம், மெதுவாகக் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி ஓடும் நாளில் இரண்டையும் கட்டிக்கொண்டு பாருங்கள். நான் ஒரு நிமிடம் முழு மூச்சில் ஓடி, இரண்டு நிமிடம் நடப்பேன். ஓட்டம் முடிவதற்குள் பட்டை காட்டும் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 160-ஐத் தாண்டிவிடும். என் வாட்ச் (அது வேறு கம்பெனி) அப்போதும் 128 என்று சாவகாசமாகக் காட்டிக்கொண்டிருக்கும். நான் நின்று மூச்சு வாங்கும்போதுதான் அது மேலே ஏறத் தொடங்கும்.

வாட்ச் தோலில் பச்சை ஒளியைப் பாய்ச்சி, ரத்தம் ஏறி இறங்குவதை வைத்துத் துடிப்பைக் கணக்குப் போடுகிறது. கை ஆடினாலோ, வார் தளர்ந்தாலோ, குளிரில் தோல் விறைத்தாலோ கணக்கு குழம்பும். சில சமயம் காலடித் தாளத்தையே நாடி என்று எடுத்துக்கொள்வதும் உண்டு. பட்டை, இசிஜி எடுப்பதுபோல, இதயத்தின் மின்துடிப்பையே பிடிக்கிறது. பின்லாந்துக்காரர்களான போலார், கம்பியில்லா துடிப்புமானியை 1982-லேயே கொண்டுவந்தவர்கள். கைப்பழக்கம் தெரிகிறது.

கட்டும் முன் உள்பக்கத்து மின்முனைகளைத் தண்ணீரில் நனைக்க வேண்டும். வறண்ட பட்டையைக் கட்டினால், வியர்வை வரும்வரை எண்கள் தாறுமாறாக இருக்கும். எந்தக் கம்பெனிப் பட்டைக்கும் இது பொருந்தும்.

எனக்கு இது உண்மையில் பயன்படுவது மெதுவாக ஓடும் நாட்களில். வயது 52. 220-இல் வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு 168. 208-இல் வயதின் 0.7 மடங்கைக் கழிக்கும் கணக்கில் சுமார் 172. மேட்டில் உயிரைக் கொடுத்து ஓடியபோது பட்டை காட்டியதோ 181. சூத்திரம் சராசரி மனிதருக்கானது. உங்கள் இதயம் அதைப் படித்திருக்காது. 181-ஐ வைத்து, நிதான ஓட்டத்துக்கு 135 என்று எல்லை போட்டுக்கொண்டேன். மேடு வந்தால் நடக்க வேண்டியிருக்கும், பின்னால் வந்தவர்கள் எல்லோரும் முந்திப் போவார்கள். போகட்டும். மறுநாள் கால் கனக்காமல் எழ முடிகிறதே, அது போதும். அப்புறம், ஒரே வேகத்தில் ஓடினாலும் முக்கால் மணி நேரம் போனதும் துடிப்பு தானாகக் கொஞ்சம் ஏறும். வெயிலில் இன்னும் கூடுதலாக. அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

போன் இல்லாமல் போனால் பட்டையே பதிந்து வைத்துக்கொள்ளும், ஆனால் ஒரே ஒரு பயிற்சியைத்தான். அதைப் போனில் இறக்கினால்தான் அடுத்தது. இந்தக் கஞ்சத்தனம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் பட்டையே பதிந்துகொள்வது நீச்சல்காரர்களுக்குப் பெரிய வசதி. தண்ணீருக்குள் புளூடூத் எடுபடாது. பேட்டரி சிஆர்2025 என்ற சின்ன வில்லை. 400 மணி நேரம் வரும் என்கிறார்கள். ஓடி முடித்ததும் இரண்டு பொத்தானையும் கழற்றி, பட்டையில் மாட்டியிருக்கும் சின்னக் கருவியைத் தனியே எடுத்துவிடுங்கள். ஈரப் பட்டையோடு சேர்ந்தே கிடந்தால் அது விழித்திருந்து பேட்டரியைத் தின்னும். பட்டையை உடனே அலசிக் காயப்போடாவிட்டால் நாற்றம் வேறு.

தினமும் நடைபயிற்சி மட்டும் செய்பவருக்கு இது தேவையில்லை, வாட்ச்சே தாராளம். பீட்டா பிளாக்கர் (இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்து) மாத்திரை எடுப்பவர்களுக்குத் துடிப்பு அவ்வளவாக மேலே ஏறாது என்பதால் இந்த எல்லைக் கணக்கு எதுவும் பொருந்தாது. அவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு வாங்கலாம்.