புகை தெரியாத அடுப்பு: கூச்சி சுரங்கங்களுக்கு இரண்டு பயணங்கள்

வியட்நாமின் ஹோ சி மின் நகரில் இரண்டு நாள் தங்குகிறவர்களுக்கு விடுதி வரவேற்பறையில் முதலில் நீட்டப்படும் துண்டுப்பிரசுரம் பெரும்பாலும் கூச்சி சுரங்கப்பாதைக்கான அரைநாள் சுற்றுலாவாகத்தான் இருக்கும். நானும் என் அம்மாவும் ஒரே வாரத்தில் அங்கே இரண்டு முறை சென்றோம். முதல் முறை ஒரு சுற்றுலா நிறுவனத்தின் வேனில், எல்லோரும் போகிற பென் தின் பகுதிக்கு. மூன்று நாள் கழித்து வாடகைக் கார் பிடித்து, இன்னும் தொலைவில் ஆற்றங்கரையோரம் இருக்கும் பென் யுவோக் பகுதிக்கு. முதல் பயணத்தில் பார்க்க முடியாமல் போனதைப் பார்ப்பதற்காகவே இரண்டாவது பயணம் தேவைப்பட்டது. நம் ஊரிலிருந்து செல்பவர்கள் ஒரே பயணத்திலேயே அதைப் பார்த்துவிட முடியும் என்பதால் இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

இடத்தைப் பற்றிச் சுருக்கமாக. சைகோனுக்கு (ஹோ சி மின் நகரின் பழைய பெயர்) வடமேற்கே உள்ள கூச்சி வட்டாரத்தில் 1948 வாக்கில், பிரெஞ்சுப் படைகளிடமிருந்து ஒளிந்துகொள்ளவும் ஆயுதங்களைப் பதுக்கவும் விவசாயிகள் வீட்டுக்கு வீடு சிறு பள்ளங்களாகத் தோண்டத் தொடங்கியவைதான் இந்தச் சுரங்கங்கள். 1960 டிசம்பரில், அமெரிக்க ஆதரவு பெற்ற தென் வியட்நாமின் சைகோன் அரசை எதிர்த்துப் போரிட்ட தேசிய விடுதலை முன்னணி உருவானபின் அவை ஊருக்கு ஊர் இணைக்கப்பட்டன. 1965-இல் அமெரிக்கத் தரைப்படைகள் வந்திறங்கியபின் அவை ஏறக்குறைய 250 கிலோமீட்டர் நீளத்துக்கு, மூன்று அடுக்குகளாக விரிந்தன. 1966 ஜனவரியில் ஏறக்குறைய 8,000 அமெரிக்க, ஆஸ்திரேலிய வீரர்கள் இந்தப் பகுதியைச் சல்லடை போட்டுத் தேடினார்கள்; அடுத்த ஆண்டு ஜனவரியில் வந்தவர்கள் ஏறக்குறைய 30,000 பேர். அத்தனை பேர் காலடிக்குக் கீழேயும் மனிதர்கள் சமைத்து உண்டு, காயத்துக்கு மருந்து கட்டி, கூட்டம் நடத்தி, குழந்தைகளையும் பெற்றிருக்கிறார்கள். அந்த வாழ்க்கையை எவ்வளவு தூரம் கண்முன் கொண்டுவருகிறது என்பதை வைத்தே இந்தச் சுற்றுலாவை நான் அளக்கிறேன்.

அந்த அளவுகோலில் எங்கள் முதல் பயணம் தேறவில்லை. போகும் வழியில் அரக்குப் பூச்சுக் கைவினைப் பொருட்கள் விற்கும் ஒரு கடையில் முக்கால் மணி நேரம் நிறுத்தினார்கள். சுரங்கப் பகுதிக்குள் நுழைந்ததும் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் பிரசாரப் படம் காட்டினார்கள். அது சரியான தொடக்கம்தான், ஏனென்றால் அந்தக் காலத்தில் இந்த மக்கள் தங்களைப் பற்றித் தங்களுக்கே என்ன சொல்லிக்கொண்டார்கள் என்பது அதில் தெரிகிறது. அதன்பின் நேரம் முழுவதும் பொறிகளிலேயே கழிந்தது. கூர் தீட்டிய மூங்கில் கழிகளும் இரும்பு முட்களும் பதித்த குழிகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றையும் ஒரு கோலால் இயக்கிக் காட்டுகிறார்கள். கூட்டம் சிரிக்கிறது, படம் எடுக்கிறது. வெடியில் சிக்கி நின்றுபோன ஓர் அமெரிக்கக் கவச ஊர்தியின்மேல் குழந்தைகளை ஏற்றிவிடுகிறார்கள். ஒரு மனிதனின் கால் எப்படிக் கிழிபடும் என்பதைப் பத்துத் தினுசில் காட்டுவதற்கு இருபது நிமிடம் கொடுத்த நிறுவனம், அந்த மனிதர்கள் ஆண்டுக்கணக்கில் எப்படி உயிர் பிழைத்தார்கள் என்பதைக் காட்டும் சமையலறைக்கு ஐந்து நிமிடம் கூடக் கொடுக்கவில்லை என்பதுதான் என் முதன்மையான குறை.

அடுத்த குறை துப்பாக்கி சுடும் திடல். தோட்டா ஒன்றுக்கு இவ்வளவு என்று காசு கட்டி, ஏகே-47, எம்-16 துப்பாக்கிகளால் பயணிகள் சுட்டுப் பார்க்கலாம். அந்த ஓசை காடு முழுவதும் கேட்கிறது. சுரங்க வாயில் அருகே நின்று, தலைக்கு மேலே பூட்ஸ் காலடி கேட்கும்போது கீழே மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தவர்களை நினைத்துப் பார்க்க முயன்றபோதெல்லாம் அந்தச் சத்தம் குறுக்கிட்டது. சிலருக்கு அது போர்ச் சூழலை உணர்த்தலாம். போரில் மனிதர்கள் செத்த இடத்தில் காசு வாங்கிச் சுட வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. உங்களுக்கும் அப்படித் தோன்றினால் வண்டியில் ஏறும் முன்பே வழிகாட்டியிடம் சொல்லிவிடுங்கள்; கூட்டம் அங்கே நிற்கிற நேரத்தில் நீங்கள் சமையலறைக்குத் திரும்பிப் போகலாம்.

சுரங்கத்துக்குள் நுழைவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். மறைவான வாயில் ஒன்றை ஓர் ஊழியர் திறந்து காட்டுகிறார்: சருகுக்குக் கீழே இரண்டு செங்கல் அகலத்தில் ஒரு பலகை, அதைத் தூக்கி இரண்டு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தி உள்ளே இறங்கினால் ஆள் மறைந்துவிடுகிறார், காலடியில் இருந்த பலகை எது என்று நமக்கே தெரிவதில்லை. பயணிகள் தவழும் பாதையோ வேறு. வெளிநாட்டவர் உடலுக்கு ஏற்ப அகலப்படுத்தப்பட்டது, நூறு மீட்டர் வரை போகலாம், இடையிடையே வெளியேற வழி உண்டு. நான் இரண்டாவது வழியிலேயே வெளியே வந்துவிட்டேன். உள்ளே வெப்பம் முகத்தில் அப்புகிறது. முன்னால் போகிறவரின் செருப்புக்கும் என் மூக்குக்கும் இடையே ஒரு சாண் இடைவெளிதான். சுவரைத் தடவிப் பார்த்தேன். செம்மண் சிமென்ட் போல இறுகியிருந்தது. மழைக்காலத்தில் மண் இளகியிருக்கும்போது, கைப்பிடி குட்டையான கொத்தும் மூங்கில் கூடையும் கொண்டு தோண்டினார்கள். தோண்டிய மண்ணைக் குண்டு விழுந்த பள்ளங்களிலும் ஆற்றிலும் கொட்டி மறைத்தார்கள். அந்தக் கொத்து காட்சியில் இருக்கிறது. களை கொத்த எங்கள் வீட்டில் இருந்ததைவிடச் சிறியது.

முழங்கால் வலி காரணமாக அம்மா உள்ளே வரவில்லை. அவர் நின்றுவிட்ட இடம் அடுப்பங்கரை. முதல் பயணத்தில் எங்களை அவசரப்படுத்தி இழுத்துச் சென்றார்கள். இரண்டாவது முறை, பென் யுவோக்கில், வழிகாட்டியாக வந்த நடுவயதுப் பெண்மணி அம்மாவின் ஆர்வத்தைப் பார்த்து அரை மணி நேரம் எங்களோடு அங்கேயே நின்றார். கல்யாண வீடுகளில் மண்ணைத் தோண்டிப் போடும் கோட்டை அடுப்பைப் பார்த்தவர்களுக்கு அதன் அமைப்பு உடனே பிடிபடும். தரைமட்டத்துக்குக் கீழே அடுப்பு. அதன் பின்புறத்திலிருந்து வாய்க்கால் போல நீளும் பள்ளங்கள். அவற்றின்மேல் கிளைகளைப் பரப்பி, மண் போட்டு மூடி, ஈரத் தழைகளை இட்டிருக்கிறார்கள். புகை அந்தப் பள்ளங்களில் ஊர்ந்து, இடையிலுள்ள குழிகளில் தங்கிக் குளிர்ந்து, கடைசியில் அடுப்பிலிருந்து வெகு தள்ளிப் புல்லோடு புல்லாகப் படிந்து வெளியே வருகிறது. பிரெஞ்சுக்காரர்களுடன் போர் நடந்தபோது 1950-களின் தொடக்கத்தில் ஹுவாங் கம் என்ற படைச் சமையல்காரர் கண்டுபிடித்ததால் வியட்நாமியர் அதை அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். வானில் கண்காணிப்பு விமானம் சுற்றும் நாட்டில் ஒரு கீற்றுப் புகை எழுந்தாலே ஊர் அழிந்துவிடும் என்ற நிலையில், இது எந்த ஆயுதத்துக்கும் குறைந்த கண்டுபிடிப்பு இல்லை என்பது என் கருத்து. அதிலும் அவர்கள் விடியற்காலையில்தான் அடுப்பு மூட்டினார்கள். மிச்சம் கசிகிற புகை பனிமூட்டத்தோடு கலந்துவிடும்.

அம்மா கேட்ட கேள்வி ஒன்றுதான்: மழையில் விறகு நனைந்துவிட்டால் என்ன செய்வார்கள்? வழிகாட்டி சிரித்து, தன் மாமியார் விறகை அடுப்புக்குப் பக்கத்திலேயே அடுக்கி உலர்த்துவார் என்றார். அம்மா தலையாட்டினார், நாங்களும் அப்படித்தான் என்று என்னிடம் சொல்லி, அதை அவரிடம் மொழிபெயர்க்கச் சொன்னார்.

பயணத்தில் எல்லாருக்கும் கிடைக்கும் உணவு அவித்த மரவள்ளிக்கிழங்கு. தொட்டுக்கொள்ள வறுத்த வேர்க்கடலையும் எள்ளும் உப்பும் சர்க்கரையும் சேர்த்துப் பொடித்த பொடி, உடன் சூடான தேநீர். வயல்களில் குண்டு விழுந்து நெல் அருகியபோது மண்ணுக்கடியில் விளையும் இந்தக் கிழங்குதான் அவர்களைக் காத்தது. நாகர்கோவில் பக்கத்தில் பிறந்த அம்மா ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டு, “மக்கா, இது நம்ம மரச்சீனிதான், ஆனா மீன்கறி இல்லாம எத்தனை நாள் தின்னுவாங்க?” என்றார். சுவை நன்றாகவே இருந்தது. பென் தின்னில் ஆறிய கிழங்கைத் தட்டில் வைத்துவிட்டு அடுத்த கூட்டத்துக்கு இடம் விடச் சொன்னார்கள். பென் யுவோக்கில் ஆவி பறக்கத் தந்தார்கள்.

காட்சிப்படுத்தியவர்கள் நுட்பமாகச் செய்திருப்பவை சில உண்டு. கறையான் புற்று போலத் தோன்றும் காற்றுத் துளைகளைக் குனிந்து பார்த்தால்தான் கண்டுபிடிக்க முடிகிறது. மோப்ப நாய்களை ஏமாற்ற அவற்றைச் சுற்றி மிளகுப் பொடி தூவியதையும், அமெரிக்க வீரர்களின் சோப்பையே தேய்த்து வைத்ததையும் விளக்குகிறார்கள். பழைய டயரை வெட்டிச் செய்த செருப்பைக் கண்முன்னே செய்து காட்டி விற்கிறார்கள். டயர் செருப்பு போட்டு வளர்ந்த நம்மவர்களுக்கு அது புதிதாக இருக்காது. வெடிக்காமல் கிடந்த குண்டுகளை ரம்பத்தால் அறுத்து வெடிமருந்து எடுக்கும் காட்சியையும் தவறவிடாதீர்கள்.

ஆனால் தரைக்கு மேலே நடந்த வாழ்க்கையைப் பற்றி இங்கே மிகக் குறைவாகவே சொல்கிறார்கள். 1960-களின் தொடக்கத்தில் சைகோன் அரசு விவசாயிகளை அவர்கள் நிலத்திலிருந்து பெயர்த்து வேலி கட்டிய குடியிருப்புகளுக்குள் அடைத்ததையும், அடையாள அட்டை, ஊரடங்கு என்று அவர்களின் ஒவ்வொரு நாளும் கண்காணிக்கப்பட்டதையும் ஒரு பலகையில்கூட விரிவாக விளக்கவில்லை. அமெரிக்க 25-ஆவது காலாட்படைப் பிரிவு 1966-இல் தொங் யூவில் அமைத்த பெருந்தளம் இந்தச் சுரங்கங்களுக்கு மேலேயே அமைந்துவிட்டது. இரவில் முள்வேலிக்கு உள்ளிருந்தே துப்பாக்கி வெடித்தது, எங்கிருந்து என்று கண்டுபிடிக்க மாதங்கள் ஆயின. பகலில் அதே தளத்தில் ஊர்க்காரர்கள் முடி வெட்டவும் துணி துவைக்கவும் வேலைக்குப் போனார்கள். காலையில் எதிரியின் சட்டையைத் துவைத்துவிட்டு மாலையில் வீடு திரும்பி யாருக்கோ சோறு எடுத்து வைத்த ஒரு பெண்ணின் நாள் எப்படி இருந்திருக்கும்? அந்தக் கேள்விக்குள் போக இந்தச் சுற்றுலா உதவவில்லை. சைகோன் படையில் மகனைப் பறிகொடுத்த வீடுகளைப் பற்றியும், முன்னணியின் கையால் கொல்லப்பட்ட ஊர் அதிகாரிகளைப் பற்றியும் பேச்சே இல்லை. வென்றவர்கள் நடத்தும் இடம் என்பதை மனத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

பென் யுவோக்கைப் பரிந்துரைக்க இன்னொரு காரணம் அங்குள்ள நினைவாலயம். 44,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் சுவர்களில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஊர் வாரியாக அடுக்கியிருப்பதால் ஒரே குடும்பப் பெயர் அடுத்தடுத்து வருவதைப் பார்க்கலாம். அங்கே துப்பாக்கிச் சத்தமும் இல்லை, கூட்டமும் இல்லை. ஊதுவத்தி ஏற்ற அனுமதிக்கிறார்கள். அம்மாவும் ஒன்று ஏற்றினார். பின்புறம் சைகோன் ஆறு. அக்கரையில் இருந்த பென் சுக் என்ற ஊரை 1967 ஜனவரியில் அமெரிக்கப் படைகள் காலி செய்து, வீடுகளைக் கொளுத்தி, புல்டோசரால் தரைமட்டமாக்கின. காடும் களைக்கொல்லி தெளித்து அழிக்கப்பட்டது. இன்று நிழல் தரும் மரங்களில் பெரும்பாலானவை போருக்குப் பின் வளர்ந்தவை.

செல்பவர்களுக்குச் சில குறிப்புகள். ஆஸ்துமா, இரத்த அழுத்தம், முழங்கால் வலி உள்ளவர்கள் சுரங்கத்துக்குள் இறங்க வேண்டாம். மேலே பார்க்கவே போதுமானது இருக்கிறது. புடவையைவிடச் சுடிதார் வசதி, கொசு மருந்து அவசியம். மூன்று நான்கு பேர் சேர்ந்தால் வாடகைக் காரே நல்லது. குழுச் சுற்றுலாவில்தான் போக வேண்டுமென்றால் கடையில் நிறுத்தாத வண்டியா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். காலை ஆறு மணிக்கே கிளம்புங்கள். நாங்கள் இரண்டாம் முறை போனபோது வெயில் ஏறியிருக்கவில்லை, அவர்கள் கிழங்கு அவிக்க அடுப்பை மூட்டிக்கொண்டிருந்தார்கள். அடுப்புக்கு அப்பால் பத்துப் பதினைந்து அடி தள்ளிப் புல் நுனிகளில் மட்டும் மெல்லிய வெண்மை படிந்திருந்தது, வழிகாட்டி கை நீட்டிக் காட்டும்வரை அதைப் பனி என்றே நினைத்துக்கொண்டு நின்றோம்.