மவுஸை ஒதுக்கிவைத்த மூன்று ஆண்டுகள்

வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கையொன்றில் உள்ள என் சிறிய அறையில், குறும்படங்களுக்கும் பக்திப் பாடல்களுக்கும் இசையமைத்து வருகிறேன். ஒரு காலத்தில் மெட்டொன்றைத் தொடங்கி அரைமணி நேரம் ஆவதற்குள் திரையில் தெரியும் அலைவடிவங்களைச் சீர்செய்வதில் மூழ்கி, எதற்காக உட்கார்ந்தேன் என்பதையே மறந்துவிடுவேன். காதால் தீர்மானிக்க வேண்டியதைக் கண்ணால் தீர்மானித்துக்கொண்டிருந்தேன் என்பது பின்னரே புரிந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, எட்டு பேடர்களும் (மேலும் கீழும் தள்ளுபவை) எட்டு நொப்களும் (திருகும் குமிழ்கள்) 16 பேட்களும் (விரலால் தட்டுபவை) கொண்ட மிடி கொன்ட்ரோலர் ஒன்றை, அதாவது கணினியின் இசை மென்பொருளைக் கையால் இயக்கும் கருவியொன்றை, வாங்கினேன். 1988 இல் வெளிவந்த அக்காய் எம்பிசி 60 என்ற தாளக் கருவியில் அதன் வடிவமைப்பாளர் ரொஜர் லின் அமைத்த நான்குக்கு நான்கு பேட் வரிசைதான் இதிலும் உள்ளது.

மவுஸால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் நகர்த்த முடியும். குறும்படமொன்றின் இறுதிக் காட்சிக்காக, தம்புராச் சுருதியின் பில்டரை (ஒலி வடிகட்டியை) இடக்கையால் மெல்லத் திறந்துகொண்டே வலக்கையால் ரிவேர்ப்பை (எதிரொலிப்பை)க் குறைத்தபோது, தொலைவில் கேட்ட சுருதி காதருகே வந்து நின்றது. அதை ஒரே மூச்சில் பதிவுசெய்தேன், பிறகு திருத்தவேயில்லை.

ஆனால் இந்தப் பயன் உடனே கிடைத்துவிடவில்லை. முதல் இரண்டு மாதங்கள், எந்த நொப் எதை இயக்க வேண்டும் என்று ஏபிள்டன் லைவ் என்ற இசை மென்பொருளில் மாற்றி மாற்றி அமைப்பதிலேயே கழிந்தன. இடது ஓரப் பேடர் எப்போதும் மிருதங்கம், அடுத்தது சுருதி, முதல் நொப் பில்டர் என்று உறுதியாக வகுத்து, எல்லாப் பாடல்களுக்கும் அதையே வைத்துக்கொண்ட பிறகுதான் விரல்கள் பார்க்காமலே இடமறிந்து செல்லத் தொடங்கின. பேடரைத் தொட்டவுடன் ஒலி திடீரெனத் தாவும் தொல்லையும், மென்பொருளில் 'பிக்-அப்' முறையை (திரையிலுள்ள மதிப்பை பேடர் எட்டும்வரை ஒலி மாறாத முறையை)த் தெரிவுசெய்ததும் நீங்கியது.

கமகம் (சுரத்தை அசைத்து இசைப்பது) விரும்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இசைக் கருவிகளும் கணினியும் தகவல் பரிமாறும், 1983 இல் வந்த மிடி முறையில் சாதாரண நொப் 128 படிகளையே அனுப்புகிறது. மெதுவாகத் திருப்பினால் அந்தப் படிகள் சில வேளைகளில் காதில் விழும். சுரத்தை வளைக்கும் பிட்ச் பெண்ட் சக்கரத்துக்கு 16,384 படிகள் உண்டு என்பதால், நாதஸ்வர ஒலியில் தோடி ராகத்தின் காந்தார சுரத்தை அசைக்க அந்தச் சக்கரத்தையே நம்புகிறேன்.

கடற்காற்றுதான் இக்கருவிக்குப் பகை. இரண்டாம் ஆண்டில் இரு பேடர்கள் தொடாமலே மதிப்புகளை அனுப்பத் தொடங்கின. வாங்கிய கடையில் உதிரிப்பாகம் கிடைக்கவில்லை. மின்தொடர்புகளைச் சுத்தம்செய்யும் தெளிப்பானால் ஒன்று குணமாயிற்று. இப்போது வேலை முடிந்ததும் பருத்தித் துணியால் மூடிவைக்கிறேன். எட்டாவது பேடர் மட்டும் இன்னும் சரியாகவில்லை; அதற்கு எந்த வேலையும் கொடுப்பதில்லை.