யூவெர்ஷன் செயலியில் கூட்டு வாசிப்பு: தேற்றவா, கண்காணிக்கவா?

யூவெர்ஷன் வேதாகமச் செயலி 2008 முதல் இருக்கிறது. அமெரிக்காவின் லைஃப்.சர்ச் சபை நடத்துவது. இலவசம், விளம்பரத் தொல்லையும் கிடையாது. வசனம் தேடுவதற்கென்றே பலர் வைத்திருப்பார்கள். இங்கே எடுத்துக்கொள்வது அதிலுள்ள ஒரே ஒரு வசதியை: வாசிப்புத் திட்டத்தை (நாளுக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுத்த வேதபகுதிகளை) நண்பர்களோடு சேர்ந்து வாசிப்பது. விசுவாசத்தில் ஒருவரையொருவர் தாங்க இது நன்றாகவே உதவுகிறது. ஆனால் அதே திரை ஆளை எடைபோடவும் வசதி செய்து கொடுக்கிறது.

தொடங்குவது எளிது. ஒரு திட்டத்தைத் தேர்ந்தெடுத்து, நண்பர்களுடன் வாசிக்கப் போவதாகக் குறித்து, ஆரம்பத் தேதியை வைத்து அழைப்பு அனுப்பினால் போதும். முதல் தடவைக்கு 5 அல்லது 7 நாள் திட்டம், நான்கைந்து பேர். 30 நாள் திட்டத்தோடு ஆரம்பிக்க வேண்டாம். நடுவில் நாலு நாள் விட்டவர் எட்டிப் பிடிக்க முடியாமல், வெட்கப்பட்டே ஒதுங்கிவிடுவார்.

சிக்கல் ஆரம்பிப்பது அங்கேதான். அன்றைய பகுதியை யார் முடித்தார், யார் முடிக்கவில்லை என்பது குழுவில் எல்லோருக்கும் தெரியும். ஏன் முடிக்கவில்லை என்பது தெரியாது. 1 தெசலோனிக்கேயர் 5:14இல் பவுல் மூன்று வகை ஆட்களைப் பிரிக்கிறார்: ஒழுங்கில்லாதவருக்குப் புத்தி சொல்லவேண்டும், திடனற்றவரைத் தேற்றவேண்டும், பலவீனரைத் தாங்கவேண்டும். செயலியில் இந்த மூவருமே ஒரே மாதிரிதான் தெரிவார்கள், வாசிக்காதவர்களாக. குழுவை நடத்துபவர் யோசிக்காமல் மூவருக்கும் முதல் மருந்தையே கொடுத்துவிடுகிறார்.

உதாரணமாக, மூன்றாம் நாளோடு ஒருவர் நின்றுவிட்டார். பொதுவில் “சகோதரரே, ஏன் இன்னும் வாசிக்கவில்லை?” என்று எழுதினால், ஐந்தாம் நாள் அவர் வாசிக்காமலே முடித்ததாகக் குறித்துவிடுவார். அதையே தனிச் செய்தியில், “மூன்றாம் நாள் சங்கீதம் இன்னும் மனதில் ஓடுகிறது. அம்மாவுக்குச் சிகிச்சை எப்படிப் போகிறது? இன்று அதற்காக ஜெபிக்கிறேன்” என்று எழுதினால் பதில் வரும். வாசிப்பைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கத் தேவையில்லை. உண்மையிலேயே கண்டிக்க வேண்டிய விஷயம் இருந்தாலும், அதைச் சாந்தமாக, தன்னையும் பார்த்துக்கொண்டு செய்யச் சொல்கிறது கலாத்தியர் 6:1. அதற்கு இடம் நேர்ப்பேச்சு. குழுத் திரை அல்ல.

நாளின் முடிவில் வரும் கலந்துரையாடல் பகுதிதான் இந்த வசதியின் பலம். அதில் முதலில் எழுதுபவரின் தொனியைத்தான் மற்றவர்களும் பிடித்துக்கொள்வார்கள். முதல் பதிவே குட்டிப் பிரசங்கமாக இருந்தால் மீதிப்பேர் “ஆமென்” போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். “இந்த வசனம் எனக்குப் புரியவில்லை” என்று நடத்துபவரே தொடங்கினால் பேச்சு பிறக்கும். எதை உண்ணலாம், எந்த நாளை விசேஷமாக எண்ணலாம் போன்றவற்றில் கருத்து மோதும்போது ரோமர் 14ஐத் திறந்து வைத்துக்கொள்வது நல்லது. அங்கே எதையும் உண்ணலாம் என்றிருக்கும் பலமுள்ளவன், சிலவற்றைத் தவிர்க்கும் பலவீனனை அற்பமாக எண்ணவும் கூடாது, பலவீனன் பலமுள்ளவனைக் குற்றவாளியாகத் தீர்க்கவும் கூடாது. (முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொள்பவர்களும் உண்டு, இரண்டாம் பாதியை மட்டும் பிடித்துக்கொள்பவர்களும் உண்டு.)

ஜெபக் குறிப்புகளைப் பகிரும் வசதியும் செயலியில் தனியாக இருக்கிறது. மற்றவரின் பாடுகளை அவரைக் கேட்காமல் அதில் போடாதீர்கள். “இன்னாருடைய குடும்பப் பிரச்சினைக்காக” என்று எழுதியவுடன் அது வதந்தியாகிவிடுகிறது, ஜெபம் என்ற பெயரில். தொடர்ந்து எத்தனை நாள் திறந்தீர்கள் என்று காட்டும் கணக்கு தனி ஆளுக்குப் பரவாயில்லை; அதைப் படமெடுத்துக் குழுவில் போடுவது வேண்டாத வேலை.

ஒரு குறை: தமிழில் திட்டங்கள் ஆங்கிலத்தைவிட மிகக் குறைவு, சிலவற்றில் மொழிபெயர்ப்பு வாடை தூக்கலாக அடிக்கிறது. பிடித்தது கிடைக்காவிட்டால் திட்டத்தை விட்டுவிட்டு, பிலிப்பியர் நிருபத்தை நாளுக்கு ஓர் அதிகாரமாக நான்கு நாளில் வாசித்து, வழக்கமான அரட்டைக் குழுவிலேயே பேசிக்கொள்ளலாம். அங்கே யார் முடித்தார் என்ற அடையாளமும் விழாது.