அலைச்சறுக்குப் பலகை ஏற்றுமதி: விமானமா, கப்பலா?

செலவு
விமானம்: நீளம்×அகலம்×உயரம் (செ.மீ.) ÷ 6000. தராசு எடையைவிட இது அதிகமானால் இதுவே கட்டண எடை. 9 அடி லாங்போர்டை 290×62×18 பெட்டியில் அடைத்தால், தராசில் பத்துக் கிலோ சொச்சம். கட்டணமோ 54 கிலோவுக்கு. 5000-ஆல் வகுக்கும் கூரியரில் 65. பெட்டியில் ஒரு செ.மீ. குறைத்தாலும் லாபம்தான்.
கப்பல் (எல்சிஎல், அதாவது பிறர் சரக்கோடு ஒரே கன்டெய்னரைப் பகிர்வது): பெரும்பாலும் குறைந்தது 1 கனமீட்டருக்குக் கட்டணம். 200×56×14 ஷார்ட்போர்டுப் பெட்டிகள் ஆறு அதில் அடங்கும். இறங்கு துறைமுகச் செலவு தனி. வாங்குபவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

சேதம்
விமானம்: மூக்கும் வாலும் இடிபடும்; அங்கே நுரையை இரட்டிப்பாக்குங்கள். பலகையில் காற்றுத் திருகு (உள்காற்று வெளியேறும் துளையின் மூடி) இருந்தால் தளர்த்துங்கள். கடலில் இறக்குமுன் இறுக்கச் சொல்லிச் சீட்டு ஒட்டுங்கள்.
கப்பல்: கன்டெய்னர் வெப்பத்தில் பலகையின் இபிஎஸ் (தெர்மாகோல் வகை) நுரைக்குள் காற்று விரிந்து கண்ணாடியிழைப் பூச்சு உப்பலாம். மரக்கூட்டுக்கு ஐஎஸ்பிஎம் 15 முத்திரை (மரத்தில் பூச்சி நீக்கியதற்கான சர்வதேச அடையாளம்) வேண்டும், ப்ளைவுட்டுக்குத் தேவையில்லை.

ஒற்றைப் பலகைக்கு விமானம். கடைக்கு ஆறு, அதற்கு மேல் என்றால் கப்பல்.