டிஸ்டிரிபியூட்டட் புரூஃப்ரீடர்ஸ்: மெய்ப்புப் பார்க்கும் தன்னார்வலருக்கு என்ன கிடைக்கிறது?

தன்னார்வப் பணியில் சேர்ந்தால் அனுபவம் கிடைக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். அது எப்படிக் கிடைக்கும் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. அதை வெளிப்படையாகக் காட்டும் சேவை என்பதால் டிஸ்டிரிபியூட்டட் புரூஃப்ரீடர்ஸ் தளத்தை இங்கே மதிப்பிடுகிறேன். காப்புரிமைக் காலம் முடிந்த நூல்களை மின்னூலாக்கும் புராஜெக்ட் குட்டன்பர்க் திட்டத்துக்குத் துணையாக, சார்லஸ் ஃபிராங்க்ஸ் 2000ஆம் ஆண்டில் இதைத் தொடங்கினார்.

திரையில் அச்சுப் பக்கத்தின் படமும், கணினி அதிலிருந்து படித்தெடுத்த வரிகளும் சேர்ந்தே தெரியும். இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்துவதே மெய்ப்புப் பார்க்கும் வேலை. ஆங்கிலத்தில் ஆர், என் என்ற எழுத்துகள் நெருங்கி நின்றால் கணினி அவற்றை எம் என்று எடுத்துக்கொள்ளும். அப்போது 'மாடர்ன்' (modern) என்பது 'மோடம்' (modem) ஆகிவிடும். இரண்டுமே அகராதியில் உள்ள சொற்கள் என்பதால் பிழைதிருத்தி மென்பொருள் இதைக் கண்டுகொள்ளாது. நூலாசிரியரின் பழைய எழுத்துமுறையில் கை வைக்கக் கூடாது என்ற விதியும் கண்டிப்பானது. திருத்தத் துடிக்கும் கையை அடக்குவது, பதிப்புத் துறைக்குப் போக நினைப்பவருக்கு முதலில் வேண்டிய பழக்கம்.

ஒரு நூல் வழக்கமாக மூன்று மெய்ப்புச் சுற்றுகளையும் இரண்டு வடிவமைப்புச் சுற்றுகளையும் கடக்கிறது. நாம் முடித்த பக்கத்தில் அடுத்த சுற்றில் இருப்பவர் எதை மாற்றினார் என்பதை எழுத்து எழுத்தாகப் பார்க்க முடிவதே இத்தளத்தின் பெரிய சிறப்பு என்பேன். நிறுத்தக்குறிகளைத்தான் ஒருவர் தொடர்ந்து தவறவிடுகிறார் என்றால், சில பக்கங்களிலேயே அது அவருக்குத் தெரிந்துவிடும். சம்பளம் தரும் அலுவலகங்களில்கூட வேலையை இவ்வளவு உன்னிப்பாகப் பார்த்துச் சொல்பவர்கள் அரிது.

இரண்டாம் சுற்றுக்குள் நுழைய, 300 பக்கங்களை முடித்திருக்க வேண்டும். பதிவு செய்து 21 நாட்களும் கடந்திருக்க வேண்டும். தேர்வும் உண்டு. ஆகவே, மேல்சுற்றில் பணியாற்றும் தகுதி பெற்றதாகத் தன்விவரக் குறிப்பில் எழுதினால், 'வாசிப்பில் ஆர்வமுடையவர்' என்ற வெற்று வரியைவிட அதற்கு எடை அதிகம்.

குறைகளும் உண்டு. தளத்தின் தோற்றம் பழையது. வழிகாட்டு நெறிகள் நீளமானவை. மேல்சுற்றுகளில் ஆள் குறைவதால் ஒரு நூல் வெளிவர ஆண்டுக்கணக்கில் ஆகலாம். பிறரோடு பழகி அறிமுகங்களைப் பெருக்கிக்கொள்ள விரும்புபவருக்கு, தனியே அமர்ந்து செய்யும் இந்த வேலை ஒத்துவராது. அவர் மக்களிடையே நேரில் செய்யும் பணியைத் தேர்ந்துகொள்ளலாம்.