ஐநூறு ரூபாய் பத்திரத்தை நம்பி டோம்பிவிலியில் வீடு வாங்கப் போனேன்

போன வாரம் சித்தி மகன் போன் பண்ணினான். "அண்ணே, டோம்பிவிலியில ஒன் பிஹெச்கே, 27 லட்சம்தானாம். நம்ம ஊர்க்கார அண்ணாச்சிதான் காட்டினாரு." ஆள் எப்படி இருப்பார் என்று கேட்டேன். அவன் சொல்லச் சொல்ல எனக்கு வயிற்றைக் கலக்கியது. அதே ஆள்தான். நான் ஏமாந்ததை வெளியே சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இனி அது சரிப்படாது.

நான் மும்பை தாராவியில் பத்துக்குப் பன்னிரண்டு ரூமில் வளர்ந்தவன். கையிருப்பு, மனைவியின் நகை, பேங்க் லோன் எல்லாம் சேர்த்தால் 28 லட்சம் தேறும். அந்தக் காசுக்கு சயானிலோ மாட்டுங்காவிலோ ஒரு குளியலறைகூடக் கிடைக்காது. வேலை மஸ்ஜித் பந்தரில் என்பதால் சென்ட்ரல் ரயில் லைனை விட்டு நகர முடியாது. அதே லைனில் மும்பைக்கு வெளியே இருக்கும் திவா, டோம்பிவிலி, அம்பர்நாத், பத்லாப்பூர் என்று வாரம் ஒரு ஸ்டேஷனாக அலைந்தோம். அப்போது சொந்தக்காரர் ஒருவர் மூலமாக வந்தவர்தான் அண்ணாச்சி. திருநெல்வேலிப் பேச்சு. "தம்பி, மராட்டிக்காரன்கிட்ட போய் ஏமாறாதீங்க, நான் இருக்கேன்" என்றார். உருகிப் போனோம்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு வரச் சொன்னார். ரயிலில் ஜன்னல் சீட்டே கிடைத்தது. ஸ்டேஷன் வாசலில் ஏசி காரோடு நின்றிருந்தார். ஏழே நிமிடத்தில் கட்டடம் வந்துவிட்டது. (பிறகு ஒரு வேலை நாளில் தனியாகப் போய்ப் பார்த்தேன். ஷேர் ஆட்டோ வரிசையில் நின்று ஏறி ஸ்டேஷன் போக அரை மணி. அங்கே இரண்டு ஃபாஸ்ட் ரயிலை விட்டு மூன்றாவதில்தான் கம்பியைப் பிடிக்க முடிந்தது. ஞாயிறு தவிர வேறு நாளில் அவர் ஏன் வீடு காட்டுவதில்லை என்று அன்றைக்குத்தான் உறைத்தது.)

550 சதுர அடி என்றார். என் மனைவி பிளவுஸ் தைப்பவள். பையிலிருந்து டைலர் டேப்பை எடுத்து ஹாலையும் கிச்சனையும் இஞ்ச் இஞ்சாக அளந்து, பில் புத்தகத்தின் பின்பக்கம் கணக்குப் போட்டாள். 340கூடத் தேறவில்லை. "அது கார்பெட்டும்மா, நான் சொன்னது சுவரெல்லாம் சேர்த்த பில்ட்-அப்" என்று சிரித்தார். ரெரா என்கிற வீட்டு விற்பனை ஒழுங்குமுறைச் சட்டப்படி கார்பெட் ஏரியாவை, அதாவது சுவர்களுக்கு உள்ளே நாம் புழங்கும் பரப்பைச் சொல்லித்தான் விற்க வேண்டும், அது எனக்கும் தெரியும். ஆனாலும் ஊர்க்காரர் என்று விட்டுவிட்டேன். அவள் கிச்சன் குழாயைத் திறந்தாள். புஸ்ஸென்று காற்று வந்தது. "மோட்டார் போடலம்மா" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நான் பால்கனியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கட்டடத்துக்கு ரெரா பதிவு நம்பர் உண்டா என்று பெரிய புத்திசாலி மாதிரி கேட்டேன். வாசல் போர்டைக் காட்டினார். பி517 என்று தொடங்கும் நீளமான நம்பர். அதை மஹாராஷ்டிராவின் ரெரா இணையதளமான மஹாரெராவில் போட்டுப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். நான் பார்க்கவில்லை. அந்த இரண்டு நிமிடத்துக்கு நான் கொடுத்த விலை இதுதான்: ஜிபேயில் டோக்கன் 51 ஆயிரம், பில்டர் பெயரில் செக் ஒன்றரை லட்சம், ரசீது இல்லாமல் ரொக்கம் 2 லட்சம்.

அக்ரிமென்ட் எங்கே என்று கேட்டதற்கு 500 ரூபாய் பத்திரத்தில் நோட்டரி போட்டுக் கொடுத்தார்கள். "இப்பவே ரிஜிஸ்டர் பண்ணா ஸ்டாம்ப் டூட்டியே ஒன்றரை லட்சத்துக்கு மேல போகும் தம்பி, அப்புறம் பார்த்துக்கலாம்." எனக்கு நல்லது செய்வதாகத்தான் தோன்றியது. பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் வீட்டு விலையில் 10 சதவீதத்துக்கு மேல் பில்டர் வாங்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. 27 லட்சத்துக்கு அது 2,70,000. நான் கொடுத்ததோ 4 லட்சத்தைத் தாண்டிவிட்டது.

லோனுக்குப் போனபோது பேங்க் வக்கீல் ஃபைலை அப்படியே திருப்பிக் கொடுத்தார். போர்டில் இருந்த நம்பர் வேறொரு சர்வே நம்பரில் இருக்கும் வேறொரு கட்டடத்தினுடையது. கட்டட அனுமதிக் கடிதத்தை எடுத்துக்கொண்டு மாநகராட்சியின் நகரமைப்புப் பிரிவுக்கு ஓடினேன். அங்கிருந்த கிளார்க் கடிதத்தின் ஜாவக் நம்பரை, அதாவது வெளியே அனுப்பும் கடிதத்துக்குப் போடும் வரிசை எண்ணை, ரெஜிஸ்டரில் தேடி விரலை வைத்தார். அந்த நம்பரில் போயிருந்தது சாக்கடை அடைப்பு பற்றிய ஒரு கடிதம். "ஹே ஆம்ச்ச நாஹி" (இது எங்களுடையது இல்லை) என்று தாளைத் திருப்பித் தந்தார்.

சரி, ரெரா நம்பர் பொருந்திவிட்டால் போதுமா? போதாது. இதே டோம்பிவிலிப் பக்கம் 65 கட்டடங்கள், மாநகராட்சி அனுமதி என்று போலிக் காகிதத்தைக் காட்டி, ரெரா பதிவையே வாங்கியிருந்தன. அவற்றை இடிக்கச் சொல்லி 2024 நவம்பரில் மும்பை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. லோன் கட்டி, பதிவும் செய்து குடியிருந்தவர்கள் அதில் எத்தனையோ பேர். அதனால் அனுமதிக் கடிதத்தை மாநகராட்சியிலேயே கொண்டுபோய்ச் சரிபாருங்கள், சாத்பாரா என்கிற நில உரிமைப் பதிவேட்டில் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். ஏஜென்ட்டுக்கும் ரெரா பதிவு கட்டாயம், அந்த நம்பரையும் கேளுங்கள். நான் கேட்டிருந்தால் அண்ணாச்சி அன்றைக்கே கழன்றிருப்பார். புதுக் கட்டடத்தைவிட, ஓசி (குடியேறலாம் என்ற மாநகராட்சிச் சான்று) வாங்கி, குடியிருப்போர் சொசைட்டி பதிவான பழைய கட்டடமே நம்மைப் போன்றவர்களுக்குத் தோது என்பது என் எண்ணம்.

போலீஸில் புகார் கொடுத்த பிறகு செக் பணம் ஒன்றரை லட்சம் மூன்று தவணையாக வந்தது. டோக்கனுக்கு "நாளைக்கு, நாளைக்கு" என்கிறார். ரொக்கம் கொடுத்ததற்குச் சாட்சி என் மனைவி ஒருத்திதான்.

சித்தி மகனிடம், "திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வீட்டைக் காட்டச் சொல்லு" என்றேன். கேட்டிருக்கிறான். அதிலிருந்து அண்ணாச்சி போனை எடுப்பதில்லை. அவனும் 11 ஆயிரம் டோக்கன் கொடுத்துவிட்டானாம். அதைக் கேட்க இந்த ஞாயிறு இருவரும் போகிறோம். அன்றைக்கு எப்படியும் ஸ்டேஷன் வாசலில் காரோடு நிற்பார்.